கைப்பிடியா, காற்றா? டி-ஷர்ட் அச்சுக்கு ஹீட் பிரஸ் மாற்றிய அனுபவம்

திருப்பூரில் எங்களுடையது சின்ன யூனிட். பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க், கல்லூரி விழா டி-ஷர்ட், பொங்கலை ஒட்டிக் கபடி அணிகளுக்கு ஜெர்சியில் பெயரும் எண்ணும், ஊர்த் திருவிழாவுக்கு இளைஞர் மன்றத்தார் கேட்கும் பனியன் என்று எல்லாமே, சூடும் அழுத்தமும் கொடுத்து அச்சைத் துணியில் ஒட்டும் ஹீட் பிரஸ் வழியாகத்தான் வெளியே போகும். இருந்தவை இரண்டும் கைப்பிடி மெஷின்கள். ஒன்று 16க்கு 24 இன்ச் கிளாம்ஷெல். முதலை வாய் போலத் திறந்து மூடும். மற்றது 15க்கு 15 இன்ச் ஸ்விங். மேல் தட்டு பக்கவாட்டில் விலகிப் போகும். ஆட்டோமேட்டிக் வாங்கலாமா என்ற பேச்சு எங்களிடம் ரொம்ப நாளாக இருந்தது. வேகம் கூடும் என்பதற்காக அல்லாமல், துவைத்தால் ஓரம் கிளம்புகிறது என்று வந்த புகாரின் பின்னால் போனபோதுதான் அது முடிவானது.

நாங்கள் அதிகம் செய்வது டி.டி.எஃப், அதாவது டைரக்ட் டு ஃபிலிம். ஃபிலிமில் அச்சடித்து, பசைத்தூள் தூவி உருக்கி வைத்திருப்போம். அதைத் துணிமேல் வைத்து 155 முதல் 160 டிகிரி சூட்டில் 12 விநாடி அழுத்தி, ஆறியதும் ஃபிலிமை உரித்து, மேலே டெஃப்லான் ஷீட் போட்டு இன்னொரு முறை ஐந்தாறு விநாடி அழுத்த வேண்டும். சூடு, நேரம், அழுத்தம் மூன்றும் சரியாக இருந்தால் பல துவைப்புகளுக்குத் தாங்கும். புகார் வந்த பீஸ்களில் ஃபிலிம் அதே ரோல், தூள் அதே மூட்டை, துணி அதே 180 ஜி.எஸ்.எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) காட்டன் சிங்கிள் ஜெர்சி பின்னல். ஒரே ஆர்டரில் பாதி பீஸ் கெட்டியாக இருந்தது, மீதியில் எழுத்தின் முனைகள் கிளம்பியிருந்தன. பண்டல் சீட்டைப் பார்த்தால் கிளம்பியவை பெரும்பாலும் பிற்பகலில் அடித்தவை.

முதலில் சூட்டைச் சந்தேகப்பட்டேன். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தூரத்தில் இருந்து நீட்டிப் பார்க்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியை வைத்து ஹீட் பிரஸ் சூட்டை அளக்காதீர்கள். பளபளப்பான அலுமினியத் தட்டு வெப்பக் கதிரைக் குறைவாகத்தான் வெளியிடும். அதனால் கருவி உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். அதை நம்பிச் சூட்டைக் கூட்டினால் துணி மஞ்சளாகிவிடும். தொட்டு அளக்கும் கே-டைப் தெர்மோகப்பிள் என்ற கம்பி ஒன்றும் வெப்பநிலை காட்டும் மல்டிமீட்டரும் போதும். கம்பி முனையைத் துணிக்கும் தட்டுக்கும் நடுவில் வைத்து, மெஷினை மூடி, எண் நிற்கும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். நடுவில் ஒன்று, நான்கு மூலை, நான்கு ஓரம் என்று ஒன்பது இடத்திலும் பார்த்தேன். நடுவில் 158, முன்பக்க மூலைகளில் 150ஐ ஒட்டி. ஹீட்டர் கம்பி தட்டின் விளிம்புவரை போகாததால் மூலையில் இவ்வளவு குறைவது சகஜம். டிசைன் நடுவில்தான் வருகிறது. காலையில் எடுத்த அளவும் மாலையில் எடுத்த அளவும் ஒன்றாகவே இருந்தன. அப்போதே சூட்டை விட்டுவிட்டு அழுத்தத்துக்குப் போனேன்.

அழுத்தத்தைப் பார்க்க மீட்டர் தேவையில்லை. பில் புத்தகத்தில் வைக்கும் கார்பன் பேப்பரும் ஒரு வெள்ளைத் தாளும் போதும். சூடு இல்லாதபோது இரண்டையும் துணிமேல் வைத்து மூடித் திறந்தால், அழுத்தம் எங்கே எவ்வளவு என்று தாளில் கருமையாக விழும். காலையில் எடுத்த தாள் சீராகக் கருத்திருந்தது. வேலை முடிந்து மெஷின் ஆறிய பிறகு மாலையில் எடுத்த தாள் வெளுத்துப் போயிருந்தது, அதிலும் முன்பக்கம் மிகவும். நடுவில் யாரோ, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க மேலே உள்ள குமிழியைத் தளர்த்தியிருக்கிறார்கள்.

பிரஸ்ஸில் நிற்கும் அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. "காலைல கெட்டியாத்தானுங்க தம்பி வச்சிருக்கறேன். மத்தியானத்துக்கு மேல தோள் எடுத்துக் குடுக்கறதில்லீங்க. அரைத் திருகு தளத்திக்குவேன், இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வர முடியாதுங்க."

அவர் சொன்னதன் எடையை அளந்து பார்க்க விரும்பினேன். கட்டிங் வேஸ்ட் எடுக்க வருபவரிடம் மூட்டை தூக்கிப் பார்க்கும் கொக்கித் தராசு இருக்கும். அதை வாங்கிக் கைப்பிடியின் நுனியில் மாட்டி, பூட்டு விழும்வரை கீழே இழுத்தேன். காலையில் வைக்கும் கெட்டியான அழுத்தத்தில் முள் 16 கிலோவைத் தாண்டியது. இனி கணக்குப் போடுங்கள். ஒரு பீஸுக்கு முதலில் ஈரம் போக ஒரு அழுத்தல், ஃபிலிம் வைத்து ஒன்று, உரித்த பிறகு ஒன்று என்று மூன்று முறை. முன்னும் பின்னும் டிசைன் இருந்தால் ஆறு. ஒரு ஷிப்டில் 300 பீஸ் ஒரு பக்கம் மட்டும் அடித்தாலும் 900 முறை. 900ஐ 16ஆல் பெருக்கினால் 14,400 கிலோ. 14 டன்னுக்கு மேல் ஒருவர் ஒரே தோளால் இழுத்திருக்கிறார். இந்த எண்ணைப் பார்த்த பிறகு குமிழியைத் தொடக்கூடாது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாயில்லை. பீஸ் கிளம்பியதற்கும் தோள் வலிக்கும் காரணம் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும் மெஷின்தான் வேண்டும்.

கைப்பிடி மெஷின் எப்படி அழுத்துகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முடிவு அதில்தான் இருக்கிறது. கைப்பிடியில் இருப்பது முழங்கை மாதிரி மடங்கி நிமிரும் இணைப்பு. நிமிர்ந்து நடுக்கோட்டைத் தாண்டியதும் பூட்டிக்கொள்ளும். பூட்டிய நிலையில் மேல் தட்டு எப்போதும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். அந்த இடைவெளியில் மெல்லிய துணி இருந்தால் அழுத்தம் குறைவு, தடித்த துணி இருந்தால் அதிகம். 160 ஜி.எஸ்.எம் பனியனுக்குச் சரியாக வைத்த குமிழியோடு ஹூடியை வைத்தால் கைப்பிடி பூட்டவே பூட்டாது. ஹூடிக்குத் தளர்த்திவிட்டு மறுபடி பனியன் வைத்தால் எழுத்து ஒட்டாது. துணி மாறும்போதெல்லாம் குமிழி, துணியின் நடுவே தையல் வந்தால் குமிழி. கிளாம்ஷெல்லுக்கு இன்னொரு குறையும் உண்டு. கீல் பின்னால் இருப்பதால் தடித்த துணியில் பின்பக்கம் முதலில் கடிக்கும், முன்பக்கம் தொங்கும். மாலைத் தாளில் முன்பக்கம் அதிகம் வெளுத்திருந்தது இதனால்தான்.

காற்றில் ஓடும் சிலிண்டர் இதற்கு நேர்மாறு. அது இடைவெளியைப் பார்க்காது, விசையை மட்டும் கொடுக்கும். துணி தடிப்போ மெலிசோ, தட்டு அதன்மேல் போய் உட்கார்ந்து ரெகுலேட்டரில் வைத்த அளவுக்கு அழுத்தும். காலை 9 மணிக்கும் இரவு 8 மணிக்கும் அதே விசை. ஆட்டோமேட்டிக் மெஷினுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி இதற்குத்தான் என்பது என் எண்ணம். வேகத்துக்கு என்று நினைத்து வாங்குகிறவர்கள் பாதி ஏமாற்றமடைவார்கள். 12 விநாடி அழுத்த வேண்டிய ஃபிலிமுக்கு எந்த மெஷினிலும் 12 விநாடிதான்.

கடைகளில் பார்த்தால் ஆட்டோ என்ற பெயரில் மூன்று வகை நிற்கிறது.

ஒன்று, தானாகத் திறப்பது. மூடுவது நம் கைதான். மூடியதும் மின்காந்தம் பிடித்துக்கொள்ளும். டைமர் முடிந்ததும் காந்தம் விட, கேஸ் ஸ்பிரிங் தட்டை மேலே தூக்கிவிடும். ஆள் கவனிக்காவிட்டாலும் துணி கருகாது. நடுவில் கரண்ட் போனாலும் காந்தம் விட்டுத் திறந்துவிடும். தனியாளாகக் கடை நடத்துகிறவருக்கு, அதுவும் போன் பேசிக்கொண்டே கஸ்டமரையும் பார்க்க வேண்டியவருக்கு, இது அருமையான மெஷின். ஆனால் தோளுக்கு இது பாதி உதவிதான். இழுத்து மூடும் வேலை அப்படியே இருக்கிறது.

இரண்டாவது, மோட்டார் வைத்து மூடித் திறப்பது. கம்ப்ரசர் வேண்டாம், சத்தம் இல்லை, வீட்டு அறையிலேயே வைக்கலாம். நாங்கள் பார்த்தவற்றில் தட்டு நிதானமாகத்தான் இறங்கியது. ஒரு பீஸுக்கு மூன்று முறை மூடும் எங்கள் வேலைக்கு அந்த நிதானம் நேரத்தைத் தின்னும். கன்ட்ரோல் போர்டு போனால் கம்பெனிக்காரர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

மூன்றாவது, காற்றில் ஓடும் நியூமேட்டிக். இதிலும் கீழே ஒரு மேசை உள்ளது, இரண்டு மேசை உள்ளது என்று இருக்கிறது. எங்கள் ஊரில் நெக் லேபிள் ஒட்டுகிறவர்கள் வெகுகாலமாகச் சின்ன நியூமேட்டிக் மெஷினில்தான் வேலை செய்கிறார்கள். காற்று, சிலிண்டர், வால்வு எல்லாம் இங்கே பழகிய விஷயம். கோயம்புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. கம்ப்ரசர் செய்யும் எல்ஜி எக்விப்மென்ட்ஸ், சிலிண்டரும் வால்வும் செய்யும் ஜனாடிக்ஸ் இரண்டும் அந்த ஊர் நிறுவனங்கள்தான். மெஷின் எங்கே செய்ததாக இருந்தாலும் அதன் சொலினாய்டு வால்வோ ஓ-ரிங்கோ போனால் மதியத்துக்குள் வாங்கி மாட்டிவிடலாம். நான் நியூமேட்டிக் பக்கம் சாய்ந்ததற்கு இந்த ஒரு காரணமே பாதி.

விலையைப் பொறுத்தவரை, கம்ப்ரசர், குழாய், வயரிங் எல்லாம் சேர்த்தால் இரட்டை மேசை நியூமேட்டிக்குக்கு, அதே அளவு கைப்பிடி மெஷினைப்போல் நான்கு மடங்கு ஆகிவிடும் என்று எல்லா இடத்திலும் தெரிந்தது. அதனால் வாங்குமுன் நேரத்தைப் பிரித்து எழுதினேன். கிளாம்ஷெல்லில் ஒரு பீஸுக்குச் சராசரி ஒரு நிமிடம் போனது. அதில் தட்டு மூடியிருந்து சூடு வேலை செய்த நேரம் 22 விநாடிதான்: ஈரம் போக 4, ஒட்ட 12, கடைசியில் 6. மிச்ச 38 விநாடி துணி விரிப்பது, ஃபிலிமை நேராக வைப்பது, உரிப்பது, மடித்து வைப்பது, கைப்பிடியோடு மல்லுக்கட்டுவது. ஒரே மேசை நியூமேட்டிக் வாங்கினால் கைப்பிடிக்குப் போகும் சில விநாடிகள் மட்டும் மிச்சமாகும். அவ்வளவு பணம் போட்டு அதற்கா? இரட்டை மேசையில் கதை மாறுகிறது. இந்த மேசையில் தட்டு அழுத்திக்கொண்டிருக்கும் 22 விநாடியும் ஆள் அந்த மேசையில் வேலை செய்யலாம். பீஸுக்கு ஒரு நிமிடம் என்பது வெறும் 38 விநாடிக்குப் பக்கத்தில் இறங்கும். தண்ணீர் குடிக்க, நூல் தட்ட என்று போகும் நேரத்தைக் கழித்தாலும் மணிக்கு 50 சொச்சம் 80ஐத் தொட வேண்டும் என்று எழுதி வைத்தேன். நடப்பிலும் ஏறக்குறைய அப்படித்தான் ஆனது.

ஆனால் பேப்பரில் அச்சடித்த கலரைச் சூட்டில் ஆவியாக்கித் துணியில் ஏற்றும் சப்ளிமேஷனில் இந்தக் கணக்கு செல்லாது. பாலியஸ்டர் துணியில் 200 டிகிரியில் 45, 50 விநாடி அழுத்தும்போது ஆளுக்குத்தான் சும்மா நிற்கும் நேரம் அதிகம். ஒரே ஆள் இரண்டு கைப்பிடி மெஷினை மாற்றி மாற்றிப் பார்த்தால் நியூமேட்டிக்குக்கு ஈடாக வேலை நடக்கும், செலவும் குறைவு. உங்கள் வேலை முழுக்க சப்ளிமேஷன் என்றால் இரண்டாவது கைப்பிடி மெஷின் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். ஜெர்சி முழுவதும் கலர் ஏற்ற வேண்டுமென்றால் அது ரோல் ஓடும் கேலண்டர் மெஷினின் வேலை; இந்தப் பேச்சில் அது சேராது.

மெஷினை ஷோரூமில் ஓட்டிப் பார்க்கும்போது எங்கள் துணி, எங்கள் ஃபிலிம், எங்கள் கார்பன் பேப்பர், தெர்மோகப்பிள் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். அக்காவையும் அழைத்துப்போனேன், நாள் முழுக்க நிற்கப்போகிறவர் அவர். மேசை உயரத்தை முதலில் பார்த்தவர் அவர்தான். குனிந்து நின்றால் தோளுக்குப் பதில் இடுப்பு போகும் என்றார். ஸ்டாண்டின் கால்களை உயர்த்தித் தரச் சொல்லி அங்கேயே பேசிவிட்டோம்.

ஷோரூம்காரர் காலில் மிதிக்கும் பெடல் மாடலைத்தான் முதலில் காட்டினார். "கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும்ங்க அண்ணா, இன்னும் பத்து பீஸ் கூட வரும்." கை ஃப்ரீயாக இருப்பதுதான் என் கவலையே. மடிப்பை நீவிக்கொண்டிருக்கும்போது கால் தெரியாமல் பட்டால் 160 டிகிரி தட்டு கைமேல் இறங்கும். அதன் பின்னால் இருப்பது மனிதனின் இழுப்பில்லை, பல நூறு கிலோ காற்று விசை. இரண்டு பக்கமும் இரண்டு பட்டன், இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் தட்டு இறங்க வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் சிவப்பு எமர்ஜென்சி பட்டன் இருக்க வேண்டும். இது இல்லாத நியூமேட்டிக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் அதில் ஆள் நிறுத்த மாட்டேன். பத்து பீஸ் குறையட்டும்.

இன்னொரு சோதனையும் பணம் கொடுப்பதற்கு முன் செய்யுங்கள். தட்டு அழுத்திக்கொண்டிருக்கும்போது மெயின் ஸ்விட்சை அணையுங்கள். தட்டு மேலே போகிறதா, அப்படியே நிற்கிறதா? நாங்கள் வாங்கியதில் வால்வு ஸ்பிரிங்கால் திரும்பி, டேங்கில் மிச்சமிருக்கும் காற்றிலேயே தட்டு ஏறிவிட்டது. அப்படி ஏறாத மெஷினில், கரண்ட் போகும் நேரத்தில் துணியும் மாட்டும், கையும் மாட்டலாம்.

மெஷின் வந்து இறங்கியதும் முதல் வேலை எலெக்ட்ரீஷியனுக்குத்தான். ஹீட்டர் 2,200 வாட். 230 வோல்ட்டில் ஒன்பதரை ஆம்பியர் இழுக்கும். கம்ப்ரசர் 1 எச்.பி. இரண்டையும் ஒரே பிளக்கில் போட்டால் கம்ப்ரசர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் குழியும். வோல்டேஜ் குறைந்தால் சூடு அதே விகிதத்தில் குறையும் என்று நினைக்க வேண்டாம், அதன் வர்க்கத்தில் குறையும். 230 வோல்ட் 200 ஆனால் ஹீட்டரின் சக்தி முக்கால் பங்குதான். அதனால் மெஷினுக்குத் தனி லைன், 4 ஸ்கொயர் எம்.எம் செம்பு வயர், தனி எம்.சி.பி (லோடு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்), கம்ப்ரசருக்கு வேறு லைன். எர்த் இல்லாமல் ஹீட் பிரஸ் போடவே கூடாது. ஹீட்டர் கம்பியின் காப்பு வருடக்கணக்கில் சூடேறிச் சூடேறித் தளரும், கசிவு தட்டுக்கு வரும், அந்தத் தட்டைத்தான் ஆள் நாள் முழுக்க நெருங்கி நிற்கிறார். கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி ஒன்றும் சேர்த்துப் போட்டோம்.

சூட்டை இயக்கும் எஸ்.எஸ்.ஆர் என்ற ரிலேயையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி மெஷினோ ஆட்டோவோ, பெரும்பாலானவற்றில் இது உண்டு. பழுதானால் பெரும்பாலும் ஆன் நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். டிஸ்பிளேயில் 160 வைத்திருப்பீர்கள், சூடு 200ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அதைத் தடுக்கத் தட்டின்மேல் தெர்மல் ஃபியூஸ் இருக்கிறதா என்று மூடியைக் கழற்றிப் பார்த்தோம்; இருந்தது. ஆனாலும் மதிய உணவுக்குப் போகும்போது எம்.சி.பியையே அணைத்துவிடுவது எங்கள் யூனிட்டின் பழக்கம்.

அடுத்து காற்று. சிலிண்டரின் உள்விட்டம் 100 மில்லிமீட்டர், அதாவது பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்டிமீட்டர். ரெகுலேட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ வைத்தால் சுமார் 314 கிலோ விசை. தட்டு 40க்கு 60 சென்டிமீட்டர், 2,400 சதுர சென்டிமீட்டர். ஆகத் துணிமேல் விழுவது சதுர சென்டிமீட்டருக்கு 0.13 கிலோதான். ஃபிலிம் விற்பவர் "40 பி.எஸ்.ஐ வையுங்கள்" என்று சொல்வது கேஜில் காட்டும் எண், துணிமேல் விழும் எண் இல்லை. வேறு தட்டு, வேறு சிலிண்டர் உள்ள மெஷினில் அதே 40 வைத்தால் வேறு அழுத்தம் விழும். இதைப் புரிந்துகொண்டால் பாக்கெட் லோகோவுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும். கீழ் மேசையைக் கழற்றிவிட்டு 15க்கு 15 சென்டிமீட்டர் சின்ன மேசை மாட்டினால் அதே 314 கிலோ 225 சதுர சென்டிமீட்டரில் விழும். பத்து மடங்குக்கு மேல் அழுத்தம். துணியில் சதுரத் தழும்பு அச்சாக விழுந்துவிடும். ரெகுலேட்டரை நன்றாக இறக்கிவிட்டுத்தான் சின்ன மேசையில் வேலை. எங்கள் துணிகளுக்கு எந்த மேசைக்கு எத்தனை கிலோ என்று கார்பன் தாள் எடுத்துப் பார்த்து, மெஷின் பக்கவாட்டில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறோம்.

கம்ப்ரசர் பெரிதாக வேண்டுமோ என்று பலர் தயங்குகிறார்கள். சிலிண்டர் எட்டு சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் ஒரு சுற்றுக்குச் செலவாகும் காற்று, அழுத்தம் இல்லாத நிலையில் கணக்கிட்டால், ஆறேழு லிட்டர்தான். நிமிடத்துக்கு ஐந்து முறை மூடினாலும் 1 எச்.பி கம்ப்ரசர் ஓய்வெடுத்து ஓய்வெடுத்து ஓடும். சத்தம்தான் தொல்லை. அதைச் சுவருக்கு வெளியே தகரக் கூரை போட்டு வைத்து, குழாயை மட்டும் உள்ளே எடுத்துவந்தோம். டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள் விட்டாலும் வால்வுவரை தண்ணீர் வந்துவிடும்.

ஓட்டத் தொடங்கிய பிறகு தெரிந்த சில விஷயங்களை எந்த விற்பனையாளரும் சொல்லவில்லை. சிலிண்டருக்கு எண்ணெய் விடும் லூப்ரிகேட்டர் இருந்தால், வால்வு வெளிவிடும் காற்றில் அந்த எண்ணெய் புகையாக வரும். வால்வு மேசைக்கு மேலே இருந்தது. வெள்ளைப் பனியனில் ஊசிமுனை அளவில் புள்ளி புள்ளியாக மஞ்சள். பார்த்தவுடன் வெளியேற்றும் துளையில் ஒரு குழாய் மாட்டி மெஷினின் பின்னால் தரைவரை இறக்கிவிட்டோம், புள்ளி நின்றது. வெள்ளை அடிக்கிறவர்கள் முதல் நாளே இதைச் செய்துவிடலாம்.

இரண்டாவது, வேகம் கூடியதும் சூடு இறங்கியது. கைப்பிடி மெஷினில் ஆள் துணி மாற்றும் நேரத்தில் தட்டு இழந்த சூட்டை மீட்டுக்கொள்ளும். இரட்டை மேசையில் ஒரே தட்டு இடமும் வலமும் போய்ப் போய்க் குளிர்ந்த துணியில் உட்காருகிறது, இளைப்பாற இடமில்லை. காட்டன் துணியில் இருக்கும் ஈரமும் சூட்டை உறிஞ்சும். டிஸ்பிளேயில் 160 தெரியும்போதே தெர்மோகப்பிளில் துணிமேல் 150க்குக் கீழே வந்தது. செட்டிங்கை 165 ஆக்கி, காலையில் முதல் பீஸுக்கு முன் இரண்டு மேசையையும் வெறுமனே சில நிமிடம் மூடி மேசைமேல் உள்ள ரப்பர் ஷீட்டைச் சூடாக்கிய பிறகு சரியாகிவிட்டது. பார்க்கும்போது வாட் அதிகமுள்ள தட்டைக் கேளுங்கள். இரட்டை மேசைக்கு அது அவசியம்.

மூன்றாவது, தட்டு வெடுக்கென்று தூக்குவது. டி.டி.எஃப் ஒட்டிக்கொண்டிருப்பதால் கவலையில்லை. சப்ளிமேஷன் பேப்பர் அப்படியல்ல. தட்டு கிளம்பும்போது பேப்பரும் ஒரு நூல் எழும்பி மறுபடி விழுந்தால், கலர் இன்னும் ஆவியாகிக்கொண்டிருக்கும் நேரம் அது, எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும். சூடு தாங்கும் டேப் நான்கு பக்கமும் போட்டால் தப்பிக்கலாம், வேகத்தைக் குறைக்கும் திருகை வால்வில் மாட்டியும் குறைக்கலாம். எங்களுக்கு அதைவிட எளிய வழி ஒன்று இருந்தது: ஸ்விங் மெஷின். அதில் தட்டு நேராக இறங்கி நேராக ஏறும், ஏற்றுவது நம் கை, மெதுவாக ஏற்றலாம். ஜெர்சியில் பெயரும் எண்ணும் இன்றும் அதில்தான் போகிறது. 200 டிகிரியும் மிதமான அழுத்தமும் போதும் என்பதால் அந்தக் கைப்பிடி தோளையும் வருத்தாது. சட்டைப் பட்டன், ஜிப், கனத்த தையல் குறுக்கே வரும் ஒற்றைப் பீஸ் வேலைகளுக்கும் அதுவே. ஒரு பீஸுக்காக ரெகுலேட்டர், மேசை, டைமர் எல்லாவற்றையும் மாற்றுவதைவிடக் குமிழியை ஒரு திருகு திருகுவது சுலபம்.

கிளாம்ஷெல்லை விற்கவில்லை. ஈரம் எடுக்கும் முதல் நான்கு விநாடி அழுத்தலை அதில் கொடுத்துவிட்டோம். அதற்கு அழுத்தம் தேவையில்லை, தட்டு துணியைத் தொட்டால் போதும். குமிழியை நன்றாகத் தளர்த்தி வைத்திருப்பதால் ஒரு விரலால் மூடலாம். பெரிய ஆர்டர் வரும் நாட்களில் இன்னொருவர் அங்கே நின்று பீஸைச் சூடாக்கி நகர்த்த, நியூமேட்டிக்கில் துணி காய்ந்தே வந்து சேரும்; தட்டின் சூடும் அவ்வளவாக இறங்குவதில்லை.

மாலை நேரத்துக் கார்பன் தாள் இப்போது காலைத் தாளைப் போலவே இருக்கிறது. ஆர்டருக்கு ஒரு பீஸைக் காலையிலும் ஒன்றை மாலையிலும் எடுத்து, ஒரு நாள் ஆறவிட்டு, உட்பக்கம் வெளியே திருப்பி 40 டிகிரி தண்ணீரில் திரும்பத் திரும்பத் துவைத்து, இழுத்துப் பார்க்கிறோம். ஓரம் கிளம்பும் புகார் நின்றுவிட்டது. அக்கா மாலை ஆறு மணிக்குக் கையை உயர்த்தி முடி முடிந்துகொண்டு கிளம்புகிறார். முன்பு அந்த நேரத்தில் கை தோளுக்கு மேலே போகாது.

கரண்ட் பில்லைப் பற்றியும் கேட்பார்கள். சூடேறிய பிறகு ஹீட்டர் விட்டு விட்டுத்தான் எரியும். கம்ப்ரசரையும் சேர்த்து மணிக்கு ஒன்றேகால் யூனிட்டைச் சுற்றி வருகிறது. கைப்பிடி மெஷினைவிடச் சற்று அதிகம், ஆனால் பீஸ் கணக்கில் பிரித்தால் குறைவு.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னிடம் வந்தால் நியூமேட்டிக்கைக் காட்ட மாட்டேன். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பீஸ், தினம் வேறு வேறு துணி, சப்ளிமேஷனும் உண்டு என்றால் 15க்கு 15 ஸ்விங் ஒன்று, நல்ல ரப்பர் ஷீட், ஒரு தெர்மோகப்பிள். இதைவிட அதிகம் அப்போது தேவையில்லை. ஆர்டர் கூடி, வாரத்தில் பெரும்பாலான நாள் 100 பீஸைத் தாண்டுகிறது, ஆனால் நிற்பது நீங்கள் ஒருவர் மட்டும் என்றால் தானாகத் திறக்கும் மெஷின். ஒரே துணியில் ஒரே டிசைன் 200, 300 என்று தொடர்ந்து வருகிறது, சம்பளத்துக்கு ஆள் நிற்கிறார் என்றால், அன்றைக்கே இரட்டை மேசை நியூமேட்டிக்குக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம். அந்த நிலையில் கைப்பிடி மெஷினில் மிச்சமாகும் பணத்தை ஒருவரின் தோளிலிருந்துதான் எடுக்கிறோம்.

செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் யோசிக்காமல் தள்ளிவிட வேண்டாம். யூனிட் மூடுகிறவர்கள் நல்ல மெஷின்களை விற்கிறார்கள். போகும்போது நேரான ஸ்டீல் ஸ்கேல் ஒன்றும் மல்டிமீட்டரும் கார்பன் பேப்பரும் எடுத்துப்போங்கள். ஸ்கேலைத் தட்டின்மேல் குறுக்காக நிறுத்தி அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தட்டு வளைந்திருக்கிறது, அதைச் சரிசெய்ய முடியாது, விட்டுவிடுங்கள். ரப்பர் ஷீட் நடுவில் குழிந்திருந்தால் பரவாயில்லை, அது மாற்றக்கூடியது. சிலிண்டரில் காற்றை ஏற்றி மூடிய நிலையில் கம்ப்ரசரை அணைத்துவிட்டு, கேஜ் முள்ளைப் பார்த்துக்கொண்டு ஒரு டீ குடியுங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ காற்று கசிகிறது, சீல் தேய்ந்திருக்கலாம்; சீல் கிட்டின் விலையை மெஷின் விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள்.